குணாவுக்கு விழுந்த பங்கு

குணநாயகத்தாரைக் குளிர்தான் கொண்டது எண்டு எல்லாரும் சொன்னம். பொலிசும் அப்பிடித்தான் எழுதினது, ஐயரும் அந்தியேட்டிச் சடங்கிலை அப்பிடித்தான் சொன்னவர், செத்தவீட்டுக்கு வந்து கோப்பி குடிச்சிட்டுப் போன சனம் முழுக்க வாசலிலை நிண்டு, ஜக்கற்றுக்குள்ளை கையைத் திணிச்சுக்கொண்டு, உந்தக் கோதாரி விழுந்த வின்ரர் இன்னும் எத்தினை பேரைத் தின்னப்போகுதோ எண்டு வானத்தைப் பாத்துத் திட்டிப்போட்டுத்தான் காரிலை ஏறினது. போன மார்கழி, ரொறன்ரோ ஸ்காபரோவிலை எங்கடை கொன்றையடி ஊர்ச்சங்கத்தின்ரை ஒன்றுகூடல் முடிஞ்சு, நல்லாக் குடிச்சிட்டு வெளிக்கிட்ட மனிசன், தன்ரை வீட்டுக்கு இரண்டு தெரு இஞ்சாலை, ஆற்றையோ வீட்டுத் தபால்பெட்டிக்குக் கீழை விறைச்சுக் கிடந்தார். ஒரு காலிலை மண்ணிறத் தோல் சப்பாத்து இருந்தது. மற்றக் காலிலை சப்பாத்துக்குள்ளை போடுற மேசு மட்டும்தான்.

அவற்றை மனிசி நேசமலர், எங்கடை நேசமக்கா, மட்டும் நம்பேல்லை. "குளிர் உயிரை எடுக்கும், ஓம். சப்பாத்தை எடுக்குமோ?" எண்டு கேட்டா. கேட்டுக்கொண்டே இருந்தா. அந்த ஒற்றைச் சப்பாத்தைத் துடைச்சுப் பொலிஷ் போட்டு ஹான்ட்பாக்கிலை வைச்சுக்கொண்டு, கோயிலிலையும் கல்யாணவீட்டிலையும் மரக்கறிக் கடையிலையும் ஆளாளை மறிச்சு, அண்டைக்கு மண்டபத்திலையிருந்து என்ரை மனிசனை ஆர் ஏத்திக்கொண்டு வந்தது எண்டு கேட்டா. நான் வெளிக்கிடேக்கை அவர் மண்டபத்திலைதான் நிண்டவர் எண்டு எல்லாரும் ஒரே பல்லவி. நானும் எங்கடை மனிசனும் அந்தக் கிழமை மகளின்ரை பிள்ளைப்பேறுக்கு மொன்றியலிலை நிண்டபடியால் எங்களிட்டைக் கேட்டுப் பிரயோசனமில்லை, எண்டாலும் எங்களிட்டையும் கேட்டா. சப்பாத்தைத் தெருவிலை கிடக்கிற சினோப் பனியை வழிக்கிற வண்டி இழுத்துக்கொண்டு போயிருக்கும் பவளம், எண்டு எங்கடை மனிசன் எனக்குச் சொன்னார். நானும் தலையாட்டினன், எனக்கென்ன தெரியும்.

இந்தமுறை மார்கழி பிறக்க முதலே சங்கத் தலைவர் விக்கினராசா கூட்டம் வைச்சு, இந்த வருசம் வின்ரருக்கு எங்கடை முதுகைக் காட்டுவம், கிறிஸ்மஸ் லீவுக்கு எல்லாக் குடும்பமும் கரீபியன் கடலிலை கப்பல் ஏறுவம் எண்டார். விக்கினராசா நல்லாக் கதைக்கிற ஆள், சந்தனப்பொட்டும் வாசனையுமாத் திரியிறவர், ஆருக்கு வருத்தமெண்டாலும் முதல் ஆளாக் கஞ்சி கொண்டு போறவர். குணநாயகத்தாரும் அவரும் ஒரே வாங்கிலை இருந்து படிச்ச ஆக்கள். நேசமக்காவின்ரை ரிக்கற்றையும் அவர்தான் எடுத்தவர். "அக்கா, நீங்கள் வீட்டிலை தனிய இருந்து அழக்கூடாது," எண்டு கண் கலங்கச் சொன்னார். பாருங்கோ, இப்பிடியும் ஒரு மனிசனோ எண்டு நாங்கள் எல்லாரும் உருகிப்போனம்.

எயார்போட்டிலை காரை விடேக்கை ஜக்கற், தொப்பி, கையுறை, பூட்ஸ் எல்லாத்தையும் காருக்குள்ளையே கழட்டி எறிஞ்சுபோட்டு, அரைக்கைச் சேட்டோடை பல்லு நடுங்க நடுங்க உள்ளுக்கை ஓடினம், ஏனெண்டால் ஒரு நூல் கம்பளியும் கொண்டுபோகக் கூடாது எண்டு தலைவர் எங்களைச் சத்தியம் பண்ண வைச்சவர். மயாமியிலை கப்பல் ஏறினம். ஏறின உடனை வெய்யில் எங்கடை எலும்பு வரைக்கும் இறங்கிச்சு. சிவபாதத்தார் எண்ட வயசாளி, ஊரை விட்டு வந்து இத்தினை வருசத்திலை முதல்தரமா வெறும் மேலோடை ஒரு கதிரையிலை படுத்து, முதுகை வெய்யிலுக்குக் காட்டிக்கொண்டு, சந்தோசத்திலை அழுதார்.

அடுத்தநாள் மத்தியானம், நீச்சல்குளத்தடியிலை பாட்டுப் போட்டுச் சனம் ஆடிக்கொண்டு நிக்கேக்கை, வின்ரர் நீந்தி வந்தது. கிடாய் வடிவத்திலை வந்தது. எங்கடை வீட்டு வான் வண்டி அளவு கிடாய், வெள்ளை மயிர் நிலத்திலை இழுபட, மயிர் நுனியெல்லாம் பனிக்கட்டி தொங்க, கப்பலின்ரை பக்கச்சுவரிலை குளம்பைக் குத்திக் குத்தி, பல்கனி பல்கனியா மிதிச்சு ஏறி, வேலியைத் தாண்டி வந்து நிண்டு உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பிச்சு. சிலுப்பின கட்டி தெறிச்சு ஆடிக்கொண்டு நிண்ட ஒரு வெள்ளைக்காரனின்ரை நெத்தி பிளந்தது. நீச்சல்குளம் கரையிலையிருந்து நடுவுக்கு உறைஞ்சுகொண்டு போச்சுது. உள்ளுக்கை நிண்ட சனத்தைப் பிறகு கடப்பாரையாலை உடைச்சுத்தான் எடுத்தவை.

நாங்கள் ஒருத்தரும் திகைக்கேல்லை. மணத்திலையே விளங்கிப்போச்சு. மாசி மாதத்து பஸ்ஸுக்குள்ளை அடிக்கிற அதே மணம், உப்பும் ஈரக் கம்பளியும் சேறும். சிவபாதத்தார் கதிரையிலையிருந்து எழும்பிச் சேட்டைப் போட்டுக்கொண்டு, "எங்கடைதான்," எண்டார். பாரிலை ஊத்திக் குடுக்கிற யமேக்காப் பொடியன் எங்களைப் பாத்து, உது உங்கடையோ எண்டு கேட்டான். ஓம், ஸ்காபரோவிலையிருந்து வந்திருக்கு எண்டம். ஏன் வந்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நாங்களும்தானே ஒருத்தரும் கூப்பிடாமல் கடல் தாண்டி இன்னொருத்தன்ரை தேசத்திலை ஏறி நிண்டனாங்கள், அந்தச் சீவனை மட்டும் என்னெண்டு கேக்கிறது.

கப்டன் ஒலிபெருக்கியிலை, மேல்தட்டுத் தளத்திலை ஒரு கிடாய் நிக்குது, கிட்டப் போறவை துவாயைப் போர்த்துக்கொண்டு போங்கோ, தீனி போடாதேங்கோ எண்டு சொன்னார். கப்பல்காரர் அதின்ரை கழுத்திலை ஒரு பயணி அட்டை கட்டிவிட்டவை. அமெரிக்காவிலை குளிருக்குப் பேர்போன மினசோட்டாப் பக்கத்துச் சனம், இதைப் பாக்கவோ நாங்கள் காசு கட்டினது எண்டு சண்டைக்குப் போச்சுது. எங்கடை பிள்ளையள் முதுகிலை ஏறி ஓடிச்சினம், தாய்மார் துவாயைக் கிழிச்சுக் கைக்குச் சுத்திவிட்டுப் படம் எடுத்திச்சினம், எங்கடை மனிசன் கூட வாலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு ஒரு படம் எடுத்து மருமகனுக்கு அனுப்பினார். கண்டறியாத படம்.

ஆனால் வின்ரர் வின்ரர்தானே. பின்னேரமே ஒரு சின்னப்பிள்ளை அதின்ரை கொம்பை நக்கி, நாக்கு ஒட்டி, தாய் பதறி இழுத்ததிலை நாக்குத் தோல் கொம்போடை போயிட்டுது. அடுத்தநாள் காலமை சிவபாதத்தாரின்ரை மனிசி, குளிச்சிட்டு வாற வழியிலை அது நடந்த தடத்திலை சறுக்கி விழுந்து இடுப்பு நாரி முறிஞ்சா. சாப்பாட்டு மண்டபத்திலை கோப்பி கொண்டு வந்த ஒருத்தனைக் கிடாய் முட்டி, அவன் கண்ணாடிக் கதவாலை போய், முகம் முழுக்கக் கண்ணாடிச் சில்லோடை மற்றப்பக்கம் விழுந்தான். சமையலறைக் குழாயெல்லாம் வெடிச்சுது. ஆற்றையோ காதுச்சோணை கறுத்து உதிர்ந்தது. வெளியிலை பாத்தால் கடல் நீலமா, வெய்யில் தீயாக் கொளுத்துது. கப்பலுக்குள்ளை நாங்கள் திரைச்சீலையைக் கழட்டிப் போர்த்துக்கொண்டு நடுங்கிறம். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை, ஏனெண்டால் இந்த ஒரு கிழமைக்காக நான் வருசம் முழுக்க ஃபக்டரியிலை கோழி வெட்டினனான்.

வேற ஆற்றை வாசலுக்கும் போகாமல் கிடாய் நேசமக்காவின்ரை அறை வாசலிலைதான் படுத்தது. அவா காலமை கதவைத் திறந்து, சீலையைத் தூக்கிப் பிடிச்சு, அதைக் கடந்து போவா. பிறகு திரும்பி வந்து, ஹான்ட்பாக்கிலை இருந்து சப்பாத்தை எடுத்து அதின்ரை மூக்குக்கு முன்னாலை பிடிச்சு, "இதின்ரை சோடி எங்கை?" எண்டு கேப்பா. அது கண்ணை மூடாமல் பாத்துக்கொண்டே கிடக்கும். நான் ஒருநாள், "அக்கா, உது வாயில்லாச் சீவன், விடுங்கோ," எண்டன். "வாயுள்ள சீவனெல்லாத்திட்டையும் கேட்டு முடிஞ்சுதடி," எண்டா.

கொல்லுவம் எண்டு முதல் சொன்னது விக்கினராசாதான். கிடாய் வந்த நேரம் தொட்டு அந்த மனிசன் அதுக்குக் கிட்டவே போகேல்லை, ஒரு தட்டு மேலை நிண்டு எட்டிப் பாத்துக்கொண்டு திரிஞ்சவர். எங்களை எல்லாம் கூட்டி வைச்சு, "என்ரை குணாவைக் கொண்டது உதுதான். எங்கடை அக்காவைத் தாலியறுக்க வைச்சது உதுதான். இண்டைக்கு அதின்ரை கணக்கை முடிப்பம்," எண்டு நெஞ்சிலை அடிச்சுக்கொண்டு சொன்னார். எங்களுக்கும் கொதி ஏறிச்சு. நேசமக்கா சப்பாத்தை மடியிலை வைச்சுக்கொண்டு, "கொல்லுங்கோ. வயித்தை நான் பாக்க வேணும்," எண்டா.

கிடாய் அடிக்கிறது எங்கடை சனத்துக்குப் புதிசில்லை. ஒவ்வொரு ஒன்றுகூடலுக்கும் முதல்நாள் ஆம்பிளையள் பட்டணத்துக்கு வெளியிலை ஒரு ஃபார்முக்குப் போய், ஒரு கிடாய் பிடிச்சு, அடிச்சு, குடும்பத்துக்கு ஒரு குவியலாப் பங்கு போடுவினம். பங்குக்கு ஊரிலையிருந்து கொண்டுவந்த முறை ஒண்டு இருக்கு. தலைவர் இறைச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிக்க, இன்னொருத்தர் ஒரு குவியலைத் தொட்டு, இது ஆருக்கு எண்டு கேக்க, தலைவர் பாராமல் ஒரு பேர் சொல்லுவார். சொன்ன பேருக்கு விழுந்த பங்கு விழுந்ததுதான், கூடக் குறைய எண்டு மாத்தேலாது. பங்குக்காரன் வராட்டில், அவனைக் கடைசியாக் கண்டவன்தான் அந்தப் பங்கை அவன்ரை வீட்டுவாசலுக்குக் கொண்டுபோய்க் குடுக்க வேணும். இதுக்காக எங்கடை ஊரிலை கத்திக்குத்தெல்லாம் நடந்திருக்கு, ஆனால் முறையை ஒருத்தரும் மாத்தேல்லை.

கப்பல்காரரிட்டைக் கேட்டம். தண்ணி வழிஞ்சு ஓடக்கூடிய விளையாட்டுத் தட்டிலை செய்யுங்கோ, எல்லாரும் மூடின சப்பாத்துப் போட்டிருக்க வேணும், அவ்வளவுதான் எண்டு சொல்லி, சமையலறையிலையிருந்து கத்தியளும் கோடாலியும் தந்தவை. நல்ல மத்தியானம், தலைக்கு நேரை சூரியன். கிடாய் தானா நடந்து வந்து நடுவிலை நிண்டது. கயித்தைக் கண்ட உடனைதான் துள்ளிச்சு. சங்கச் செயலாளரைத் தூக்கி வேலியிலை அடிச்சதிலை அவருக்கு விலா ரெண்டு பக்கமும் நொருங்கிச்சு, ஒருத்தரின்ரை கை விரல் குளம்புக்குக் கீழை அகப்பட்டு மாவாப் போச்சு, எண்டாலும் ஒருத்தரும் விடேல்லை, ஒவ்வொருத்தரும் தங்கடை தங்கடை கோவத்தைச் சொல்லிச் சொல்லி வெட்டிச்சினம்: இது என்ரை மனிசியின்ரை நாரிக்கு, இது விடியக்காலமை நான் பஸ்ஸுக்கு நிண்ட நிலைக்கு, இது சறுக்கி அடிபட்ட என்ரை காருக்கு, இது வீட்டுக்குள்ளை அடைஞ்சு கிடந்து விசராப் போன என்ரை அம்மாவுக்கு. ஊரிலை சண்டை நடக்கேக்கை ஒரு பூச்சிக்கும் கை ஓங்காத மனிசர். எங்கடை மனிசன், வீட்டிலை மீன் கூட வெட்டமாட்டார், முழங்கை வரை இரத்தத்தோடை நிண்டு, கண் சிவக்க, மூச்சு வாங்க வாங்க, செத்த பிறகும் வெட்டினார். நானும் வெட்டினனான். ஏன் பொய் சொல்லுவான், நல்லா இருந்தது.

இரத்தம் கொதிக்கக் கொதிக்க வந்தது. அதுக்குள்ளை இவ்வளவு சூடு இருந்ததெண்டு ஆருக்குத் தெரியும். எங்கடை கால் சப்பாத்தெல்லாம் அதிலை ஊறி, விறைச்ச விரலெல்லாம் சுகமாப் போச்சுது.

வயித்தைக் கிழிச்சம். உள்ளுக்கையிருந்து வின்ரர் எங்களிட்டை எடுத்ததெல்லாம் சரிஞ்சு விழுந்தது. ஒற்றைக் கையுறையள், குழந்தைப்பிள்ளையளின்ரை தொப்பியள், கார்த் திறப்புச் சாவியள், சிவபாதத்தாரின்ரை பல்லுக்கட்டு, போன், பஸ் கார்ட், ஆரோ தவறவிட்ட பால்போத்தில். என்ரை கலியாணத்துக்கு அம்மா போட்ட தோடு, பாதை வழிக்கேக்கை சினோவிலை விழுந்து, சினோ கரைஞ்ச பிறகும் நான் புல்லைக் கிண்டிக் கிண்டி அழுத தோடு, ஈரல் பக்கத்திலை மினுங்கிச்சு. ஆளாளுக்குத் தங்கடை சாமானைக் கண்டுபிடிச்சு, கழுவி, கண்ணிலை ஒத்திச்சினம். ஒருத்தருக்கும் ஒண்டும் தப்பேல்லை.

நேசமக்கா தோள்மட்டும் கையை விட்டுத் துழாவினா. குடலை உருவி உருவிப் பாத்தா. சீலை, முகம், தலைமயிர் எல்லாம் இரத்தம். எல்லாத்தையும் வெளியிலை எடுத்து, ஒண்டொண்டா விரிச்சு வைச்சு, திரும்பவும் உள்ளுக்கை பாத்தா. பிறகு எழும்பி நிண்டா.

"சப்பாத்து இல்லை," எண்டா.

அப்ப எனக்கு விளங்கேல்லை. பக்கத்திலை நிண்ட விக்கினராசாவின்ரை மனிசி மனோகரிக்கு விளங்கியிருக்க வேணும், அவள் தன்ரை வாயைப் பொத்தினாள். விக்கினராசா அந்தரப்பட்டு, "சரி சரி, வெய்யிலிலை இறைச்சி பழுதாப் போகும், பங்கைப் போடுவம்," எண்டு சொல்லி, வழமை போலை முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டார்.

கப்பலின்ரை நீலக்கோடு போட்ட துவாயளிலை குவியல் குவியலா வைச்சம். எங்கடை மனிசன் தொட்டுக் கேட்டார், தலைவர் சொன்னார். இது ஆருக்கு, சிவபாதத்தாருக்கு. இது ஆருக்கு, பரஞ்சோதிக்கு. அது நாங்கள். இது ஆருக்கு, செயலாளருக்கு. வருசக்கணக்காச் சொல்லிச் சொல்லித் தேவாரம் மாதிரி வாயிலை ஊறின வரிசை, அந்த மனிசன் கடலைப் பாத்துக்கொண்டு யோசனையில்லாமல் சொல்லிக்கொண்டு போனார்.

"இது ஆருக்கு?"

"குணாவுக்கு."

சொல்லி முடிய அவற்றை பிடரி வேர்த்தது. திரும்பினார். "இல்லை, நேசமக்காவுக்கு எண்டு சொல்ல வந்தனான். பழக்கத்திலை வந்திட்டுது. மாத்துங்கோ பரஞ்சோதி," எண்டார்.

எல்லாக் குவியலும் வெய்யிலிலை இளகிச் சொட்டிக்கொண்டிருக்க, அந்த ஒரு குவியலிலை மட்டும் வெண்பனி பூத்தது. பாத்துக்கொண்டிருக்கவே கல்லா உறைஞ்சுது.

"விழுந்த பங்கு விழுந்ததுதான்," எண்டா நேசமக்கா. "பங்குக்காரன் இஞ்சை இல்லை. அவரைக் கடைசியாக் கண்டவர் எடுங்கோ."

உடனை எங்கடை மனிசன், உண்மையிலை நல்ல மனிசன், "நான் எடுத்துக் குடுக்கிறன் அக்கா," எண்டு குனிஞ்சு தூக்கினார். அசையேல்லை. உள்ளங்கைத் தோல் ஒட்டி உரிஞ்சதுதான் மிச்சம். பிறகு ஒவ்வொரு ஆம்பிளையா வந்து தூக்கிப் பாத்திச்சினம், ரெண்டு பேராச் சேந்தும் தூக்கிச்சினம், கப்பல்காரர் ஒருத்தர் கூட உதவிக்கு வந்தார். குவியல் கப்பல் தட்டோடை தட்டா ஒட்டிக் கிடந்தது. விக்கினராசா மட்டும் ஒதுங்கி நிண்டார்.

"நீங்கள் எடுங்கோவன்," எண்டாள் மனோகரி. மெல்லமாத்தான் சொன்னவள். "அண்டைக்கு ஒன்றுகூடலாலை வந்து நீங்கள் விடிய விடிய உந்தப் புது வானைக் கழுவினதை நான் யன்னலாலை பாத்தனான். எடுங்கோ."

அவர் மனிசியைப் பாத்தார், எங்களைப் பாத்தார், கடலைப் பாத்தார். போறதுக்கு இடமில்லை. குனிஞ்சார். குவியல் கைக்குழந்தை மாதிரி லேசா எழும்பி வந்து ரெண்டு கையிலையும் ஒட்டிக்கொண்டுது.

அவர் அப்பிடியே முழங்காலிலை இருந்தார். "புது வான் அக்கா," எண்டார். "குணா சீற் முழுக்க வாந்தி எடுத்துப்போட்டார். எனக்குக் கொதி வந்திட்டுது. பஸ் தரிப்பிலை நிப்பாட்டி இறங்கடா எண்டன். தள்ளியும் விட்டனான். வீடு கிட்டத்தானே, நடந்து போகட்டும் எண்டு நினைச்சன். தானாப் பூட்டுற கதவு, சப்பாத்து உள்ளுக்கை மாட்டுப்பட்டிட்டுது. அடுத்தநாள் கோப்பிக்கடைக் குப்பைத்தொட்டிக்குள்ளை போட்டிட்டன்."

"இறங்கேக்கை அவர் என்ன சொன்னவர்?"

"பொறடா விக்கி, சப்பாத்து எண்டவர்."

"நீர் பொறுத்தனீரோ?"

"இல்லை அக்கா."

கத்தியெல்லாம் கையிலைதான் இருந்தது, கொதியும் அடங்கேல்லை. கிடாயை வெட்டின அதே கை, அதே மூச்சு. செயலாளர் முறிஞ்ச விலாவோடை தவண்டு வந்து உதைஞ்சார், ஆரோ கோடாலிக் காம்பாலை வாயிலை போட்டதிலை முன்பல்லெல்லாம் தட்டிலை சிந்திச்சு, ஒருத்தர் தலைமயிரைப் பிடிச்சுக் கழுத்தை நிமித்தினார், இன்னும் கொஞ்சத்திலை அவரையும் பங்கு போட்டிருப்பம், அதை நான் பயத்திலை சொல்லேல்லை, நடந்ததைச் சொல்லுறன். நேசமக்காதான் மறிச்சா. அவருக்காக மறிக்கேல்லை.

"விடுங்கோ," எண்டா. "அவர் பங்கு கொண்டுபோக வேணும்."

கப்பல் சமையல்காரர் பெரிய அண்டா தந்தவை. நாங்கள் மிளகு போட்டுக் கறி காச்சி, முழுக் கப்பலுக்கும் குடுத்துத் திண்டம். திண்ட சனத்துக்குப் பிறகு குளிரெண்டால் என்னெண்டே தெரியாமல் போச்சுது. ஐஸ் வாளிக்குள்ளை கையை விட்டு விளையாடினம். யமேக்காவிலை இறங்கிக் கடலிலை குளிச்சம், வருசப்பிறப்புக்கு ஆடினம், அந்தக் கண்ணாடிக் கதவாலை போன பொடியன் தையல் போட்ட முகத்தோடை வந்து எங்களோடை நிண்டு படம் எடுத்தான். விக்கினராசா வேலியோடை நிண்டார். கையிலை இருந்ததை இறக்கவும் ஏலாது, ஒருத்தரும் வாங்கவும் மாட்டினம். மனோகரி கரண்டியாலை தீத்திவிடுவாள், ஒரு சொல்லுக் கதைக்கமாட்டாள். முதல் நகம் நீலமாச்சுது, பிறகு விரல் கறுத்தது, பிறகு மணிக்கட்டு. சுத்திவர எல்லாரும் வெய்யிலிலை வேர்த்து வழிய, அவற்றை மூச்சு மட்டும் புகையா வந்தது.

ரொறன்ரோவிலை வந்து இறங்கினால் தை மாதத்திலை புல்லுப் பச்சை. வின்ரரைத்தான் நாங்கள் திண்டு முடிச்சிட்டமே. சனம் ஒரு கிழமை வாயைப் பிளந்தது, பிறகு பழகீட்டுது. வீட்டுக்குப் பின்னாலை பாகலும் பயித்தையும் போட்டினம், சினோ வழிக்கிறவங்கள் புல்லு வெட்ட வெளிக்கிட்டாங்கள், சிவபாதத்தாரின்ரை மனிசி சக்கரக் கதிரையிலை இருந்துகொண்டு நுளம்பு கடிக்குதெண்டு பேசினா. எங்கடை ஆக்களுக்கு எது கிடைச்சாலும் குறைதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலமை, நேசமக்கா சொன்னபடி, மனோகரி அந்தப் புது வானிலை மனிசனை ஏத்திக்கொண்டு வந்து பஸ் தரிப்பிலை நிப்பாட்டினாள். ஒரு காலுக்கு அந்த மண்ணிறச் சப்பாத்தைப் போட்டுவிட்டாள். மற்றக் காலிலை மேசு மட்டும். அவர் பங்கை ஏந்திக்கொண்டு இறங்கினார், கதவு தானாப் பூட்டிச்சு. ரெண்டு தெருவிலையும் சங்கச் சனம் முழுக்கச் சேட்டும் செருப்புமா நிண்டம்.

அவற்றை தலைக்கு மேலை மட்டும் சினோ கொட்டத் தொடங்கிச்சு. வேற ஒருத்தரிலையும் ஒரு துகள் விழேல்லை. அவர் நடக்க நடக்க அதுவும் கூட வந்தது, முதல் பஞ்சா, பிறகு ஊசியா, பிறகு முழங்கால் புதையிற குவியலா, காத்து ஊளையிட்டு அவரைச் சுத்திச்சுது. ஒரு அடி தள்ளி நிண்ட எங்களுக்கு முதுகிலை வெய்யில். முதல் தெருவைத் தாண்டிட்டார். ரெண்டாம் தெருவிலை மேசுக்கால் பிளந்து, வெள்ளையிலை சிவப்பாத் தடம் விழுந்தது. அந்தத் தபால்பெட்டிக்குக் கீழை விழுந்தார்.

ஒரு ரெண்டு பேர் முன்னாலை போகப் பாத்தினம். போகேல்லை. நானும் போகேல்லை.

நேசமக்கா வீட்டுக் கதவை ஆவெண்டு திறந்துவிட்டிட்டு நடந்து வந்தா. தூக்கப்போறா எண்டுதான் நான் நினைச்சன். குனிஞ்சு, சப்பாத்து நூலை அவிழ்த்து, காலிலையிருந்து சப்பாத்தைக் கழட்டினா.

"அக்கா, பொறுங்கோ," எண்டார் விக்கினராசா. பல்லில்லாத வாயாலை அது சரியா வரக்கூட இல்லை.

"பொறுக்கிறன்," எண்டா.

பக்கத்திலை புல்லிலை சப்பாணி கட்டி இருந்து, சப்பாத்தை மடியிலை வைச்சுக்கொண்டு, பொறுத்தா. கை மூடி, நெஞ்சு மூடி, முகம் மூடி, மூச்சுப்புகை வாறது நிக்கும் வரைக்கும் பொறுத்தா. பிறகு சினோவைக் கிளறி அவற்றை கையிலை இருந்த பங்கை எடுத்தா. அவான்ரை கைக்கு அது இளகி வந்து, முழங்கையாலை இரத்தம் வழிஞ்சுது. கொண்டுபோய் வீட்டுக்குள்ளை வைச்சுக் கதவைச் சாத்தினா.

கதவு சாத்தின சத்தத்தோடை எங்கள் எல்லாற்றை தலையிலையும் சினோ விழத் தொடங்கிச்சு. கப்பலிலை திண்ட துண்டு வயித்துக்குள்ளை குளிர்ந்து, அங்கையிருந்து கையுக்கும் காலுக்கும் பரவிச்சு. சனம் அரைக்கைச் சேட்டோடை கார்களுக்கு ஓடி, பின்சீற்றிலை கிடந்த ஜக்கற்றுகளை இழுத்துப் போட்டது. மனோகரி வானுக்குள்ளையே இருந்தாள். பொலிஸ் வரேக்கை தெரு முழுக்க வெள்ளை, வேற தடம் ஒண்டும் இல்லை.

என்ன நடந்தது எண்டு கேட்டாங்கள்.

குளிர்தான் கொண்டது எண்டு எல்லாரும் சொன்னம்.